கீழ்த்தட்டுக் குட்டிகள்

பேபியின் உயரம் நாலு அடி எட்டு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த குளறுபடியில் பாதிக்கு அந்த உயரம்தான் காரணம். மீதிப் பாதிக்கு ஒரு ஸ்டூல் காரணம். சரியாகச் சொன்னால், வராத ஸ்டூல்.

தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையின் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. ஆபீஸ் ரிக்கார்டில் அதற்கு 'அனிமல் ஹவுஸ்' என்று பெயர். மற்ற எல்லோருக்கும் அது எலி ரூம். நாலு வருஷமாக பேபி அங்கே அட்டெண்டர். அந்த நாலு வருஷமும் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டே வந்தது. ரயில்வே யார்டில் வேலை பார்த்த அவள் புருஷன் யேசுதாசன், "இன்னாடி, நீ இன்னும் தற்காலிகமாத்தான் கீறியா?" என்று கேலி செய்வான். பேபி சிரித்துவிட்டுப் போவாள், ஆனால் அந்த வார்த்தை அவளைக் குத்தத்தான் செய்தது.

அவளை நிரந்தரமாக்கும் காகிதம் துறைத் தலைவர் வேதசிரோமணியின் மேசை டிராயரில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. "இந்த எக்ஸ்பெரிமென்ட் முடியட்டும், போட்டுடறேன்" என்று அவரே வாயைத் திறந்து சொல்லியிருந்தார்.

சந்திரனில் மனுஷன் இறங்கினானே, அந்த ஜூலை மாதம்தான் அந்த எக்ஸ்பெரிமென்ட் தொடங்கியது. செய்தவள் தபீதாள் மிஸ். இருபத்தாறு வயசு, டெமான்ஸ்ட்ரேட்டர், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று தாய் எலிகள் போட்ட குட்டிகளை, பால் மறந்ததும், ஒவ்வொரு தாயின் குட்டிகளையும் சரிபாதியாகப் பிரித்தாள். பன்னிரண்டு குட்டிகளைச் சேர்த்து ஒரு பெரிய கூண்டில் விட்டாள். அதற்குள் குட்டி ஏணி, நூல்கட்டை, பழைய வளையல், பவுடர் டப்பா மூடி என்று தினம் தினம் புதுச் சாமான். இன்னொரு பன்னிரண்டைத் தனித்தனியாகச் சின்னத் தகரக் கூண்டுகளில் அடைத்து, சிமெண்டு மேடை மேல் இருந்த இரும்பு ராக்கில் வைக்கச் சொன்னாள். மேல் தட்டில் ஆறு, கீழ்த்தட்டில் ஆறு. இவற்றுக்குத் தண்ணீரும் தீனியும் மட்டும் உண்டு. வேறெதுவும் கிடையாது.

பேபிக்கு அன்றைக்கே மனசு கேட்கவில்லை.

"இன்னா மிஸ் இது, ஒரே ஆத்தா பெத்த புள்ளைங்க. அதுக்குக் கல்யாண வூடு, இதுக்கு ஜெயிலா?"

தபீதாள் சிரித்தாள். மற்ற மிஸ்களைப் போல 'உனக்குப் புரியாது' என்று சொல்பவளில்லை அவள். "பேபி, நீங்கதானே சர்ச்சில பாட்டு நம்பர் மாட்டறீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம், பேபிதான். சனிக்கிழமை மத்தியானம் போதகர் ஐயர் கொடுக்கும் சீட்டைப் பார்த்து, மரத்தில் செய்த எண்களை எடுத்துப் பலகையில் செருகி வைப்பாள். ஞாயிறு காலையில் சபை மொத்தமும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும்.

"எலிக்கும் அப்படித்தான். தாய் தகப்பன்கிட்ட இருந்து ஒரு பாட்டுப் புத்தகம் வாங்கிட்டுத்தான் பிறக்குது. அதுக்கு ஜீன்னு பேரு. வாலுக்கும் அதே புத்தகம், ஈரலுக்கும் அதே புத்தகம், மூளைக்கும் அதே புத்தகம். ஆனா புத்தகத்தில இருக்கற அத்தனை பாட்டையும் எல்லாரும் பாடறதில்லை. பலகையில எந்த நம்பர் இருக்கோ அதைத்தான் பாடணும். எலிக்குட்டி பிறக்கும்போது கண்ணு கூடத் திறக்கலை பாருங்க, மூளையும் அப்படி அரைகுறைதான். பிறந்தப்புறம்தான் முக்கால்வாசி வளருது. அந்த நேரத்தில பலகையில நம்பர் மாறிக்கிட்டே இருக்கு."

"யாரு மாத்தறது?"

"அதுதான் கேள்வி!" தபீதாள் மேசையைத் தட்டினாள். "குட்டி பாக்கறது, தொடறது, விளையாடறது, இதெல்லாம் உள்ள போய் நம்பரை மாத்துதான்னு பாக்கறோம். நிறையப் பாட்டு பாடின மூளையில ஆர்.என்.ஏ.ன்னு ஒரு சரக்கு நிறையச் சேர்ந்திருக்கும். மருந்து ஊத்தினா பச்சையாத் தெரியும். விளையாடின குட்டிக்கு நல்ல பச்சை, சும்மா இருந்த குட்டிக்கு வெளிறின பச்சை. அப்படி வந்துட்டா ஜெயிச்சோம்."

பேபிக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்ததுதான் வம்பு. வெளிறின பச்சை என்றால் அந்தக் குட்டிகளின் மூளைக்குள் யாரும் பாட்டே பாடவில்லை என்று அர்த்தம்.

பேபியால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், ஓரவஞ்சனை ஒன்றைத் தவிர. அவள் பிறந்த வீட்டில் புதுப்பாவாடை அக்காளுக்கு, பழம்பாவாடை இவளுக்கு. அந்தப் பாவாடைக்காக இருபது வருஷம் கழித்தும் அவள் அக்காளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தன் இரண்டு பெண்கள் ஜெயசீலிக்கும் ஞானஜோதிக்கும் ஒரு பிஸ்கட்டை உடைத்தால், உதிர்ந்த தூளைக்கூட இரண்டாகப் பிரித்துக் கொடுப்பாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் இந்த எலிகளுக்குக் காவல் வைத்தால் என்ன ஆகும்? என்ன ஆக வேண்டுமோ அதுதான் ஆனது.

ராக்கில் ஓர் அட்டை தொங்கியது. 'இக்கூண்டுகளில் விளையாட்டுப் பொருள் எதுவும் போடக்கூடாது' என்று வேதசிரோமணி கைப்பட எழுதியது. பேபி அதை நாலு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். போடக்கூடாது, சரி. அவள் எதையும் போடவில்லை. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, ரூமில் யாரும் இல்லாத நேரத்தில், கீழ்த்தட்டுக் கூண்டைத் திறந்து, குட்டியை வெளியே எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

குட்டி அவள் புடவைக் கொசுவத்துக்குள் புகும். முழங்கையில் ஏறும். தோளில் உட்கார்ந்து காதுத் தோட்டை முகரும். பேபி அதனிடம் விலைவாசி முதல் நாத்தனார் கொடுமை வரை எல்லாம் பேசுவாள். வெளியே பீச் ஸ்டேஷனுக்கு ஓர் எலெக்ட்ரிக் ட்ரெயின் கிளம்பும் சத்தம் கேட்டதிலிருந்து அடுத்த ட்ரெயின் சத்தம் கேட்கும் வரை ஒரு குட்டிக்கு நேரம். சத்தம் கேட்டதும் அதை உள்ளே விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். ஒன்றுக்குக் கூடவும் இல்லை, ஒன்றுக்குக் குறையவும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் குட்டி சட்டென்று கூண்டுக்குள் போய்விடும், பேபி துடைப்பத்தைக் கையில் எடுத்துவிடுவாள். தப்பு என்று தெரியாமலா அப்படிச் செய்தாள்? நன்றாகத் தெரியும்.

மேல் தட்டு அவளுக்கு எட்டவில்லை. ஒரு ஸ்டூல் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்று முறையும் ஆபீஸ் அதை ஃபைலில் போட்டு மூடிவிட்டது. அதனால் மேல் தட்டைச் சுத்தம் செய்வது ஸ்டோர் அட்டெண்டர் சிட்டிபாபு. ஆறடி ஆள், ஆனால் எலியைக் கண்டால் நடுக்கம். கண்ணை இடுக்கிக்கொண்டு கூண்டின் அடித்தகட்டை உருவி, கொட்டி, செருகிவிட்டு ஓடிவிடுவான். "அண்ணா, அந்த மேல இருக்கறதுல ஒண்ணை எடுத்துக் குடேன்" என்று பேபி கேட்டுப் பார்த்தாள். "இன்னா விளையாடுறியா? வேலையைப் பாரு" என்று போய்விட்டான். மேல் தட்டிலிருந்து ஆறு குட்டிகள் கம்பி வழியாக மூக்கை நீட்டிப் பார்க்கும். அந்தச் சமயத்தில் பேபி வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

முப்பது நாள் ஓடியது. கடைசி நாள் ஐஸ் வந்தது. மரத்தூளில் புதைத்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த ஐஸ். அது வந்தால் என்ன நடக்கும் என்று பேபிக்குத் தெரியும். நாலு வருஷமாகப் பார்க்கிறாள், அழுது ஆர்ப்பாட்டம் செய்பவள் இல்லை. அன்று மட்டும் கொல்லைக் குழாயடிக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு, ஏற்கெனவே கழுவின பாட்டில்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மூளைகளை அரைத்து, வடித்து, மருந்து ஊற்றி, நிறத்தை அளக்கும் கலரிமீட்டரில் வைத்துப் பார்த்து எழுதி முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லேபிலிருந்து வேதசிரோமணியின் குரல் கேட்டது. அவருக்கு மெதுவாகப் பேச வராது. எலி ரூமில் இருந்த பேபிக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"விளையாடின குரூப் சரி, எல்லாம் நல்ல பச்சை. இந்தத் தனிக்கூண்டு குரூப்பைப் பாரு! ஆறு பச்சையா இருக்கு, ஆறு வெளுத்துப் போயிருக்கு. ஒரே மாதிரி வளர்த்த குட்டிக்கு ரெண்டு விதமா எப்படி வரும்? உன் கை நடுங்கியிருக்கு. மருந்தை ஒழுங்கா அளந்து ஊத்தலை. அங்கே சந்திரனுக்கே போயிட்டு வந்துட்டான், நமக்குப் பன்னிரண்டு குழாயில மருந்து ஊத்தத் தெரியலை!"

"சார், மூணு தடவை ஊத்திப் பார்த்தேன் சார். அதேதான் வருது."

"அப்போ மூணு தடவையும் தப்பு. நாளைக்கு ரிப்போர்ட் எழுதிடலாம். முடிவு ஒண்ணும் வரலைன்னு. ரூமை என்.சி.சி.காரங்க ஸ்டோருக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, கொடுத்துடறேன்."

சற்று நேரத்தில் தபீதாள் எலி ரூமுக்குள் வந்தாள். காலிக் கூண்டுகளுக்கு முன்னால் நின்று அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கைக்குட்டையைத் தேடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதாள். "என் கை நடுங்கலை பேபி" என்றாள். "எனக்கு வேற எது வருமோ வராதோ, இந்த வேலை வரும்."

பேபி துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு பச்சை, ஆறு வெளுப்பு. அவளுக்குக் கணக்குப் புரிய ஒரு நொடி கூட ஆகவில்லை. அவள் வாய் திறந்தால் மிஸ்ஸின் கை சுத்தமாகிவிடும். ஆனால் டிராயரில் இருக்கிற காகிதம் கிழிந்துவிடும், தற்காலிகம் என்கிற வேலையும் சேர்ந்து போய்விடும். 'அயாம் சாரி மிஸ்' என்று மட்டும் சொன்னாள். தபீதாள் அதை ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் பேபி" என்றாள். அது பேபியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மறுநாள் சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து பேபி சர்ச்சுக்குப் போனாள். ஐயர் கொடுத்த சீட்டில் முதல் பாட்டு 206. இரண்டைச் செருகினாள், சைபரைச் செருகினாள், ஆறை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த ஆறுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு இதே 206ஐ மாட்டச் சொல்லியிருந்தார்கள். பேபி அவசரத்தில் ஆறைத் தலைகீழாகச் செருகிவிட்டாள். பலகையில் 209 என்று நின்றது. அது அடக்க ஆராதனைப் பாட்டு. பாடகர் குழு கையில் சீட்டு இருந்ததால் கல்யாண ராகத்தை எடுத்தது. சபையோ பலகையைப் பார்த்து சாவுப்பாட்டைப் புரட்டியது. இரண்டுக்கும் அடி ஒரே அளவு. அதனால் வார்த்தை ராகத்தில் அழகாகப் பொருந்திவிட்டது! இரண்டு சரணம் முடிந்து, குழிக்குள் இறங்குகிற வரி வந்தபோதுதான் பெண்ணின் தகப்பனார் திடுக்கிட்டுப் புத்தகத்தை மூடினார். பழி கோயில் வேலையாள் சவுரிமுத்துவின் மேல் விழுந்தது. எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார்கள். பேபி வாயைத் திறக்கவில்லை. அடுத்த மூன்று மாதம், முதல் ஞாயிறு தோறும் சபையார் அப்பமும் ரசமும் வாங்க ராப்போஜனத்துக்கு எழுந்து போகும்போது, தப்பை மறைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்று இவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சவுரிமுத்துவிடம் போய்ச் சொன்னாள். "எனக்குத் தெரியும்மா. ஆறுக்குக் கீழே ஒரு கோடு போட்டு வச்சுடு" என்றார் அவர். அப்படிப் போட்ட சிவப்புக் கோடு இப்போதும் அவள் கையிலிருந்த ஆறுக்குக் கீழே பளிச்சென்று இருந்தது.

கல்யாணம் செய்துகொண்ட அந்த ஜோடி சேலையூரில் இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

நாளை முதல் ஞாயிறு. இன்னொரு மூன்று மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க பேபியால் முடியாது. பலகையை 20 என்று பாதியில் விட்டுவிட்டு, கையில் ஆறோடு, உச்சி வெயிலில் கல்லூரிக்குத் திரும்பி நடந்தாள். நடந்தாள் என்பதை விட ஓடினாள் என்பதே சரி. நின்று யோசித்தால் திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

லேபில் வேதசிரோமணி சொல்லச் சொல்ல தபீதாள் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சார்" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள் பேபி. "மிஸ் கை நடுங்கல சார். எல்லாம் என் கைதான் சார்."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். பேபி மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். மடி, கொசுவம், தோடு, நாத்தனார், எலெக்ட்ரிக் ட்ரெயின், ஒன்று விடவில்லை. வேதசிரோமணியின் முகம் சிவந்துகொண்டே போனது.

"போர்டு எழுதி மாட்டியிருந்தேனே!"

"விளையாட்டுச் சாமான் போடக்கூடாதுன்னுதான் சார் எழுதிக்கீது. நான் ஒண்ணுமே போடல." சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புன்னு தெரியும் சார். செருப்புச் சத்தம் கேட்டா உள்ள வுட்டுடுவேன். ஆனா முப்பது நாள்ல சாவப் போற புள்ளைங்க சார். ஒருத்தர் கூடத் தொடாம சாவணுமா?"

"கெட் அவுட்!" என்று அவர் கத்தியிருப்பார். வாய் 'கெட்' வரைக்கும் போய்விட்டது. அதற்குள் தபீதாள் எழுந்து நின்றாள். அவள் கோபப்படவே இல்லை. முகத்தில் வேறு என்னவோ இருந்தது.

"பேபி, பன்னிரண்டையுமா எடுத்தீங்க?"

"இல்ல மிஸ். மேல் தட்டு எனக்கு எங்க எட்டுது? கீழ் தட்டு ஆறு மட்டும்தான்."

ஆறு பச்சை, ஆறு வெளுப்பு. வேதசிரோமணி கோபக்காரர்தான், ஆனால் மூடர் இல்லை. ரிசல்ட் எழுதிய தாளை இழுத்து, யாரும் பார்க்காதபடி மேலே ஒரு நியூஸ் பேப்பரைப் போட்டு மூடினார்.

"கூண்டு நம்பர் ஞாபகம் இருக்கா? கீழ்த்தட்டுல இடப்பக்கத்திலேர்ந்து சொல்லு. ஒண்ணொண்ணா."

சிட்டிபாபு கூண்டுகளை ஒழுங்கான வரிசையில் வைத்தவனில்லை. கைக்கு வந்தபடி வைத்திருந்தான். எது எங்கே இருந்தது என்று நோட்டில் யாரும் எழுதவுமில்லை. ஆனால் பேபி வாரம் தவறாமல் எண்களைப் பார்த்து அடுக்குகிறவள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "ரெண்டு."

அவர் பேப்பரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பென்சிலால் ஒரு டிக். "அடுத்தது?"

"பதினொண்ணு." டிக். "அஞ்சு." டிக். "பன்னெண்டு." டிக். "மூணு." டிக். தபீதாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஆறாம் நம்பர் சார்."

பென்சில் நின்றுவிட்டது. "இல்லை. ஆறாம் நம்பர் வெளுப்பு. பச்சையா இருக்கறது ஒன்பதாம் நம்பர்." பேப்பரை எடுத்துக் கீழே போட்டார். அவருக்கே ஏமாற்றமாகிவிட்டது என்று குரலில் தெரிந்தது. "சே, கிட்டத்தட்ட வந்துடுச்சு."

பேபி தன் கையிலிருந்த மரக்கட்டையைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"சார், உங்க ஆறுக்குக் கீழ கோடு போட்டுக்கீதா?"

"என்ன கோடு?"

பேபி கட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஆறு. தலைகீழாகத் திருப்பினாள். ஒன்பது. "எங்க கோயில்ல இதால ஒரு கல்யாணத்துல பேஜாராப் பூடுச்சு சார்."

தபீதாள் எலி ரூமுக்கு ஓடி, கூண்டுகளில் கட்டியிருந்த இரண்டு நம்பர் தகரங்களைக் கொண்டுவந்தாள். சிட்டிபாபு ஒரே அச்சை வைத்து அடித்த எண்கள். மேலும் ஓட்டை, கீழும் ஓட்டை, எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். வாராவாரம் கூண்டு கழுவும்போது அவிழ்த்து, திரும்பக் கட்டினவனும் அவன்தான், ஐஸ் வந்த அன்று காலையிலும். இரண்டையும் மேசையில் போட்டால் எது ஆறு, எது ஒன்பது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"என்னோட ஆறாம் நம்பர் பொட்டைக் குட்டி சார்" என்றாள் பேபி. "மேல இருந்த ஒன்பதாம் நம்பர் கடுவன். சிட்டிபாபு அண்ணன் ஒண்ணைப் பாத்து ரொம்ப பயப்படுமே, அதுதான்."

தபீதாள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். பிரித்து வைத்த முதல் நாள்: ஆறாம் எண் பெண், ஒன்பதாம் எண் ஆண். கடைசி நாள்: ஆறாம் எண் ஆண், ஒன்பதாம் எண் பெண். இரண்டும் அவள் கையெழுத்துதான். முப்பது நாளில் ஓர் எலி ஆணாகி இன்னொன்று பெண்ணானதை அவள் கவனிக்கவே இல்லை! முதலில் வெட்கப்பட்டாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் பேபியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள்.

வேதசிரோமணி ஆறாவது டிக் போட்டார். எழுந்து லேபை மூன்று சுற்று சுற்றினார்.

"கூண்டு ஒண்ணுதான், தீனி ஒண்ணுதான். ஏணி இல்லை, வளையல் இல்லை. ஒரு ட்ரெயினுக்கும் அடுத்த ட்ரெயினுக்கும் நடுவில ஒரு மனுஷி மடியில விட்டிருக்கா, அவ்வளவுதான்! அதுக்கே உள்ளே பலகையில நம்பர் மாறியிருக்குன்னா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஆறு எலியை வச்சுக்கிட்டு ஒருத்தனும் நம்பமாட்டான். திரும்பச் செய்யணும். ஒழுங்கா, எழுதி வச்சு. என்.சி.சி.க்கு ரூம் கிடையாதுன்னு சொல்லிடு."

பிறகு டிராயரை இழுத்தார். பேபி கண்ணை மூடிக்கொண்டாள். காகிதம் கிழியும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். பேனா கீறும் சத்தம்தான் கேட்டது.

"சொன்னதை மீறினதுக்கு உனக்கு மெமோ கொடுக்கப் போறேன்" என்றார் அவர், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. "ஆனா தற்காலிக ஆளுக்கு மெமோ கொடுக்க ரூல் இல்லை. அதனால முதல்ல உன்னைப் பெர்மனென்ட் ஆக்க வேண்டியிருக்கு. இதில ஒரு கையெழுத்துப் போடு. அதுக்கப்புறம் மெமோவில ஒண்ணு போடு."

பேபி இரண்டிலும் போட்டாள். கை நடுங்கியது. அன்றைக்கு அந்த லேபில் நடுங்கின ஒரே கை அதுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் பலகை 206 ஆயிற்று. மறுநாள் ராப்போஜனத்துக்கு முதல் வரிசையில் எழுந்து போனவள் பேபி. யேசுதாசன் ஒரு மாசம் வரை வீட்டில் அவளை "பெர்மனென்ட்டு" என்றுதான் கூப்பிட்டான்.

அக்டோபரில் புதுக் குட்டிகள் பால் மறந்தன. இந்த முறை எல்லாம் எழுத்தில் இருந்தது. கீழ்த்தட்டுக் குட்டிகளை பேபி தினமும் இரண்டு மணிக்கு, ஒன்றுக்குப் பத்து நிமிஷம், மடியில் விட வேண்டும், இது உத்தரவு. மேல் தட்டுக் குட்டிகளை அவள் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, பாட்டும் பாடக்கூடாது, இதுவும் உத்தரவு. நம்பர் தகரத்தில் ஆறுக்குக் கீழே சிவப்புக் கோடு. முதல் பாதியைக் கேட்டு பேபி பூரித்தாள். இரண்டாம் பாதிக்கு "அது ஏன் மிஸ்?" என்றாள். மேல் தட்டுக் குட்டிகள் ஆறையும் தொடாமல் விட்டால்தான் தொட்டதன் மகிமை வெளியே தெரியும் என்று தபீதாள் விளக்கினாள். அது பேபிக்குப் புரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை.

முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வேதசிரோமணியே எலி ரூமுக்கு வந்தார். பின்னால் சிட்டிபாபு, தலையில் ஒரு புத்தம் புது ஸ்டூல். வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

"இந்தா பேபி. ஆபீஸ்ல சண்டை போட்டு வாங்கினேன். இனிமே மேல் தட்டையும் நீயே சுத்தம் பண்ணு, எட்டலைன்னு சொல்லாதே."

பேபி ஸ்டூலைப் பார்த்தாள். மூன்று தடவை எழுதிக் கேட்ட ஸ்டூல். நாலு காலும் சமமாக, ஆடாமல், அவளுக்கென்றே செய்தது போல இருந்தது. பிறகு ராக்கின் மேல் தட்டைப் பார்த்தாள். ஆறு மூக்குகள் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"வேணாம் சார்" என்றாள்.

"என்னது? நீதானே மூணு தடவை எழுதிக் கொடுத்தே?"

"அப்ப எட்டலியேன்னு கேட்டேன் சார். இப்ப எட்டாம இருந்தாத்தான் உங்க எக்ஸ்பெரிமென்ட் நடக்கும்." அவள் ஸ்டூலை வாசல் பக்கம் நகர்த்தினாள். "இந்த ஸ்டூல் ரூமுக்குள்ள இருந்துச்சுன்னா என் கை சும்மா இருக்காது சார். சத்தியமா சொல்றேன். எடுத்துக்கினு போச் சொல்லுங்க."

வேதசிரோமணி சிட்டிபாபுவைப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்டூல் வந்த வழியே போயிற்று. பிறகு அவரே ஆபீசில் சொல்லி அதைச் சர்ச்சுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார். இன்றைக்கும் பாட்டு நம்பர் பலகைக்குக் கீழே அதுதான் நிற்கிறது.

பீச்சுக்கு ட்ரெயின் கிளம்பும் சத்தம் கேட்டது. பேபி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, முதல் குட்டியை எடுத்து மடியில் விட்டாள். அது நேராகக் கொசுவத்துக்குள் போயிற்று. மேல் தட்டில் ஒரு குட்டி தகரத்தைப் பிறாண்டியது. பேபி நிமிர்ந்து பார்க்கவில்லை.